படம் எடுக்காத முகாம்

எங்கள் சங்கத்தை இன்று யாராவது திட்டினால் நானும் சேர்ந்துகொண்டு திட்டுவேன். ஆனால் அதனால் நான் பெற்றதை முதலில் சொல்லிவிடுகிறேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைப்பவள் என்று ஏற்கெனவே என் முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு இருக்கிறது. அதற்கு நானே தீனி போட வேண்டாம்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான சூட்டோடு தொடங்கியது எங்கள் மக்கள் தொடர்பாளர் சங்கம். ஆஸ்பத்திரி, கல்லூரி, நகைக்கடை, ஜவுளிக்கடை, ஆலை, தொண்டு நிறுவனம் என்று ஆளுக்கு ஓர் இடத்தில் பி.ஆர்.ஓ. என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள் ஒன்றாகக் கூடினோம். அட்டையில் எழுதியிருப்பது அப்படி. உண்மையான வேலை, வாசலில் சந்தனம் நீட்டுவதிலிருந்து முதலாளியின் பிறந்தநாளுக்குப் பேப்பரில் நாலு வரி வரவைப்பது வரை எல்லாமும்தான். இரண்டாம் சனிக்கிழமை தோறும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலின் மாடியில் கூட்டம். போண்டா, காபி, அதன் பிறகு ஒரு வகுப்பு. ஒரு மாதம் நிருபர் ஒருவர் வந்து, நாங்கள் அனுப்பும் செய்திகளில் எது எதற்காகக் குப்பைக்குப் போகிறது என்று சொல்வார். இன்னொரு மாதம் போனிலேயே வீடியோ வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுப்பார்கள். எங்காவது வேலை காலியானால் முதலில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குத்தான் தகவல் வரும். வருடத்துக்கு ஒரு விருது உண்டு. அதை வாங்கியவர் சென்னையில் நடக்கும் மாநில மாநாட்டில் மேடையேறித் தன் வேலையைப் பற்றிப் பேசலாம். பேசியவர்களில் இரண்டு பேருக்குப் பெரிய இடங்களில் வேலை கிடைத்ததை நாங்களே பார்த்தோம்.

எனக்கும் அந்தக் குழு மூலமாகத்தான் வேலை கிடைத்தது. அதற்கு முன் சின்னசேலத்தில் ஒரு நகைக்கடைக்காக ஆட்டோவில் மைக் கட்டி, செய்கூலி இல்லை சேதாரம் இல்லை என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டிருந்தேன். சங்கத் தலைவர்தான் கண் ஆஸ்பத்திரியில் ஆள் தேவை என்று சொல்லி, நிர்வாகியிடம் என்னை நேரில் கூட்டிப்போய் நிறுத்தினார். இதை மறந்தால் நான் மனுஷியே இல்லை.

தலைவர் ஓர் ஆலையில் நெடுங்காலம் இந்த வேலையைப் பார்த்தவர். வெள்ளைச் சட்டையும் பாக்கெட்டில் இரண்டு பேனாவுமாக இருப்பார். எல்லாக் கூட்டத்திலும் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இறங்கமாட்டார். “உப்பில்லாப் பண்டம் குப்பையில. படமில்லாச் செய்தியும் அங்கதான்.” நாங்கள் கை தட்டுவோம். எங்கள் தொழிலுக்கு அதுதான் வேதம். நூறு பேருக்குச் சோறு போட்டாலும் படம் இல்லையென்றால் போட்டதாகக் கணக்கில்லை. படம் இருந்தால், போடாத சோறும் போட்டதாகிவிடும்.

இனி ஒருத்தியைப் பற்றி. ரிஷிவந்தியம் பக்கத்துப் பெண். ஒரு தனியார் கல்லூரியில் என் மாதிரியே பி.ஆர்.ஓ. என்னைவிடச் சின்னவள். நான்தான் சங்கத்தில் சேர்த்தேன். வந்த புதிதில் எங்கள் தொழிலில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு தவறைச் செய்தாள். விழாச் செய்தியை நாங்கள் யாரும் விழா முடிந்து எழுதுவதில்லை. மதியத்துக்குள் கொடுத்தால்தான் மறுநாள் பேப்பரில் இடம் கிடைக்கும். ஆகவே நடக்கப்போவதை நடந்ததாகவே எழுதி, சிறப்பு விருந்தினர் பேசப்போவதை அவர் பேசியதாகவே எழுதி அனுப்பிவிடுவோம். அவளும் அப்படியே கல்லூரி ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி மாணவர்களுக்கு அறிவுரை சொன்னார் என்று அனுப்பிவிட்டாள். அவரோ அன்றைக்கு வரவேயில்லை. மறுநாள் காலை பேப்பரில் அவர் நேரம் தவறாமையைப் பற்றி அருமையாகப் பேசியிருந்தார்.

அழுதுகொண்டே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “தாளாளர் வூட்டுக்கு அனுப்பிடுவார்க்கா. நான் இன்னா பண்ணட்டும்?” என்றாள். அவளை உட்காரவைத்து இட்லி கொடுத்து, அவர் கூப்பிடுவதற்கு முன் நாமே கூப்பிட்டுவிடலாம் என்று அந்த அதிகாரிக்கு நானே போன் போட்டேன். அவர் பேப்பரைப் பார்த்துவிட்டிருந்தார். “யாரும்மா எழுதுனது? நான் வந்திருந்தாகூட இவ்வளோ நல்லா பேசியிருக்க மாட்டேன்” என்றார். தாளாளரிடமும் அவரே பேசி, தான் வாழ்த்துரையை எழுதி அனுப்பியதாகச் சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் சமையலறையில் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று முதல் அவள் எனக்குத் தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் புடவைகளில் பாதி அவள் உடம்பில்தான் ஊர் பார்த்தன.

கண் ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த முதல் வேலை கல்வராயன் மலை. கீழே எந்த ஊரில் முகாம் போட்டாலும் கூட்டம் நெரியும். களமருதூர்ப் பக்கம் போட்டால் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மலையில் மட்டும் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு, டாக்டர் உட்கார்ந்து, ஈ ஓட்டிவிட்டு இறங்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். மலைக்காரர்களுக்கு விவரம் பத்தாது, ஆப்பரேஷன் என்றால் பயம்.

நான் மைக்கில் கத்திப் பிழைத்தவள். வீடு வீடாகப் போய்க் கேட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது. கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறும் பஸ்ஸில் வாரத்துக்கு இரண்டு நாள் போனேன். சந்தை கூடும் நாளில் கடுக்காயும் புளியும் விற்பவர்களோடு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கண்ணிலும் புரை. சாமையைக் கையால் தடவிப் பார்த்துத் தரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டேன். முகாமுக்கு வாருங்கள், ஒரு செலவும் இல்லை, பார்வை வந்துவிடும் என்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கேட்டார்.

“போட்டோ புடிப்பீங்களா?”

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார். முன்பொரு மழைக்காலத்தில் வெளியூரிலிருந்து யாரோ சிலர் வந்து எல்லோருக்கும் சேலை கொடுத்தார்களாம். வரிசையில் நின்று வாங்கியபோது, கொடுத்தவர் பாதிச் சேலையைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு படம் எடுத்து முடியும்வரை விடவில்லையாம். புரை விழுந்த கண்ணில் நீர் வழிய, கை நீட்டியபடி இருக்கும் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து ஊர் ஊராகக் கட்டிவிட்டார்கள். பெரியம்மாவின் மகளை வாழக்கொடுத்திருப்பது கீழே, சமவெளியில். சம்பந்தி வீட்டார் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள்.

“உங்கம்மா ஒரு சேலைக்குக் கையேந்துறவளான்னு எம்பொண்ண தினம் கேக்குறாங்க பாப்பா. எனக்கு நெலம் இருக்குது, மாடு இருக்குது. எங்க வூட்டுல இல்லாத சேலையா? எல்லாரும் வாங்குனாங்கன்னு நானும் நின்னேன். அதுலேர்ந்து மவ வூட்டு வாசப்படி மிதிக்கல.”

அங்கிருந்த மற்றவர்களைக் கேட்டேன். எல்லோரும் அதையேதான் வேறு வேறு மாதிரி சொன்னார்கள். கண்ணில் பச்சைத் துணி கட்டி வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள், அது பேப்பரில் வரும், மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அதை எடுத்துக் காட்டுவார்கள். பயம் கத்தியைப் பார்த்து இல்லை. எங்களைப் பார்த்துத்தான்.

ஆஸ்பத்திரிக்கு வந்து பெரிய டாக்டரிடம் சொன்னேன். படமே எடுக்காத முகாம் நடத்தலாம் என்றேன். ஒரு பி.ஆர்.ஓ. இப்படிக் கேட்டு அவர் பார்த்ததில்லை. சிரித்துவிட்டு, “செஞ்சு பாரும்மா” என்றார். மலைக்குத் திரும்பிப் போய்ப் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். எங்கள் ஆட்கள் யாரும் ஒரு படம்கூட எடுக்க மாட்டார்கள், எடுத்தால் நான் பொறுப்பு. அவர் என் விரல்களைத் தடவிப் பார்த்தார். பிறகு, “சரி, நான் மொதல்ல வர்றேன். என்ன வச்சு மத்தவங்க வரட்டும்” என்றார்.

வந்தார்கள். ஒரு பேனர் கட்டவில்லை, ஒரு வரி செய்தி கொடுக்கவில்லை. சந்தையில் வாய்க்கு வாய் பரவி, அடுத்த முகாமில் பள்ளிக்கூடத் திண்ணை முழுக்க ஆட்கள். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சங்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். எல்லோரும் வியந்தார்கள். தலைவர் எழுந்து, “இத இந்த வருஷ விருதுக்கு அனுப்பு. மாநிலத்துக்கே நம்ம மாவட்டம் போவும். ஆனா படம் வேணும். ஒரு நாலு படம்” என்றார். நான் முடியாது என்றேன். படம் எடுக்காததுதான் சார் வேலையே என்றேன். “பின்ன எதக் காட்டி நாங்க பரிசு குடுக்கறது?” என்று கேட்டார். சரி, பரிசு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஆசை இல்லாமல் இல்லை. சென்னை மேடையில் நிற்பதை நானும் கற்பனை செய்து பார்த்தவள்தான். ஆனால் கொடுத்த வாக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

வெளியே வந்ததும் அவள் என் வண்டியில் ஏறிக்கொண்டாள். “நானும் ஒரு தபா மலைக்கு வரேன்க்கா. நீ எப்படிப் பேசுறன்னு பாக்கணும். காலேஜ் பசங்களையும் கூட்டியாறேன், கூட மாட ஒத்தாசையா இருப்பாங்க” என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் வேலையை ஒருத்தி கற்றுக்கொள்ளக் கேட்கிறாளே என்று பூரித்துப்போனேன்.

அவளை மலைக்குக் கூட்டிப்போனேன். மாணவர்கள் வரிசையை ஒழுங்கு செய்தார்கள், நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினார்கள். போகும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், போன் பைக்குள் இருக்க வேண்டும் என்று. முதல் முகாமிலேயே சோதனை முடிந்து, சர்க்கரை குறையக் காத்திருந்த பெரியம்மாவுக்கு அந்த முறைதான் வலது கண்ணில் ஆப்பரேஷன் நடந்தது. மறுநாள் காலை கட்டு அவிழ்க்கும்போது அவளும் வந்திருந்தாள். வார்டில் சன்னலோரம் பெஞ்சில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கட்டை எடுத்தாள். பெரியம்மா முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். திருப்பிப் புறங்கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இடது கண்ணுக்குப் பிறகு ஒரு நாள் வரவேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதுவும் முடிந்து இரண்டு கண்ணோடும் மகள் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்க்கப்போவதாகப் பெரியம்மா சொன்னார். நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் வழக்கம்போல் போயின. கூட்டத்துக்குப் போனேன், போண்டா தின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வந்தாள். ஒரு நாள் என் மயில்நீலப் பட்டுப்புடவையைக் கேட்டாள். “காலேஜ்ல ஒரு ஃபங்ஷன்க்கா” என்றாள். நானே இஸ்திரி போட்டு, பொருத்தமான ரவிக்கையையும் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

சங்கத்தின் ஆண்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில். வரவேற்புக் குழுவில் நான் இருந்தேன். வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தபோது ஃபிளெக்ஸ் கட்டும் ஆட்கள் தாமதமாக வந்து, சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்து ஏணி மேல் ஏற்றினார்கள். முதலில் சிமெண்ட் நிறச் சன்னல் தெரிந்தது. எங்கள் வார்டு சன்னல். அதற்குக் கீழே, என் உயரத்தைவிடப் பெரிதாக, பெரியம்மாவின் முகம். ஒரு கண் தெளிந்தும் ஒரு கண் வெளுத்தும் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் கீழே அறியாமை இருளில் வாடிய மலைவாழ் மக்களுக்கு ஒளியூட்டிய பணி என்று எழுதி, கல்லூரியின் பெயரும் அவளுடைய பெயரும் இருந்தன. மூலையில் சின்ன எழுத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு நன்றி.

கையிலிருந்த பன்னீரை யார் மேல் தெளித்தேன் என்று எனக்கு நினைவில்லை. உள்ளே மேடையில் அவள் நின்றிருந்தாள், என் புடவையில்.

விருதை அவள் வாங்கியதையும், மாநில மாநாட்டுக்குப் போகிறாள் என்று தலைவர் அறிவித்ததையும், எல்லோரும் எழுந்து கை தட்டியதையும் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். மேடையில் அவள் பேசிய பேச்சு முழுக்க நான் வண்டியில் போகும்போது அவளுக்குச் சொன்னது. சந்தையில் உட்கார்ந்தது, சாமையைத் தடவிப் பார்த்தது, எல்லாம் இருந்தது. ‘போட்டோ புடிப்பீங்களா’ என்று அந்த அம்மா கேட்டதை மட்டும் விட்டுவிட்டாள்.

பந்தியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் இலை போட்டார்கள்.

“அந்தப் படத்த எப்ப எடுத்த?”

“இன்னாக்கா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கேக்குற? கட்டு அவுத்த அன்னிக்குத்தான். சும்மா போன்ல எடுத்தேன். எவ்ளோ நல்லா வந்திருக்குது பாரு.”

“எடுக்கக் கூடாதுன்னு சொன்னனா இல்லையா?”

“நீ சொன்னது உங்க ஆஸ்பத்திரி ஆளுங்களுக்குக்கா. நான் காலேஜ் ஆளுதான?”

அவள் இதை வம்புக்குச் சொல்லவில்லை. சாம்பாரைப் பிசைந்துகொண்டே, நியாயமான ஒரு விஷயத்தை விளக்குவதுபோலத்தான் சொன்னாள். “நீதான் அனுப்ப மாட்டேன்னுட்ட. அவ்ளோ நல்ல வேலை வீணாப் போவுதேன்னுதான் நான் அனுப்புனேன். உனக்கும் நன்றி போட்டிருக்கேன் பாரு, ஆஸ்பத்திரி பேர்ல” என்றாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

தலைவர் கைகழுவும் இடத்தில் நின்றிருந்தார். உங்களுக்கு முன்பே தெரியுமா சார் என்று கேட்டேன். துண்டால் கையைத் துடைத்தபடி, “தெரியும்மா. கமிட்டில எல்லாருக்குமே தெரியும். நீ சங்கடப்படுவன்னுதான் உன்னாண்ட சொல்லல. யார் போனா இன்னா, சங்கத்துக்குத்தான பெருமை” என்றார். எத்தனை கூட்டத்தில் அவர்களோடு சிரித்துப் பேசியிருப்பேன். எல்லோரும் தெரிந்துகொண்டே என் தட்டில் இன்னொரு போண்டா வைத்திருக்கிறார்கள். பகைவன் செய்தால் அது பகை. கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் செய்தால் அதற்குத் துரோகம் என்றுதான் பெயர், வேறு நாகரிகமான சொல் எனக்குத் தெரியவில்லை.

விருது போனது எனக்கு வலித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்ததும் பெரியம்மாவின் நினைவுதான் வந்தது. மண்டபத்தோடு போனால் பரவாயில்லை, மலையிலிருந்து யார் வந்து அந்த மண்டபத்தைப் பார்க்கப்போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஃபிளெக்ஸை அடிக்கக் காசு கொடுத்தது கல்லூரி. மாணவர் சேர்க்கை நேரம் வேறு. விழா முடிந்ததும் அதை அவிழ்த்துக் கொண்டுபோய், கச்சிராயபாளையத்தில் மலை பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே கட்டிவிட்டார்கள். எனக்கு இது தெரியாது. எங்கள் வேன் டிரைவர்தான் மலையிலிருந்து திரும்பி வந்து சொன்னார். “உங்க பெரியம்மா கச்சிராயபாளையத்துல சிரிச்சிக்கினு நிக்கிறாங்க மேடம். பஸ்ல வர்ற மலைக்காரங்க எல்லாம் ஜன்னல் வழியா அதத்தான் பாக்குறாங்க.”

அப்போதே டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனேன். யாரிடமும் கேட்கவில்லை. அவர் வேனைக் கம்பத்தை ஒட்டி நிறுத்த, நான் மேலே ஏறிக் கயிற்றை அறுத்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சுருட்டி வேனுக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரி நிர்வாகி கூப்பிட்டுக் கேட்டார். கல்லூரியிலிருந்து புகார் வந்திருக்கிறது, நம் பெயரும்தானே அதில் இருந்தது, இலவசமாகக் கிடைத்த விளம்பரத்தை ஏன் அறுத்தீர்கள் என்று. பெரிய டாக்டரைப் பார்த்தேன். அவர் கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டு, “இனிமே படம் எடுக்கலாம்னுதான் நெனைக்கிறேன்மா. நல்ல ரீச் இருக்குது” என்றார்.

அவளுக்கு நான் அதன்பிறகு போன் செய்யவில்லை. அவள் சென்னை மாநாட்டிலிருந்து குழுவில் படங்கள் போட்டாள். எல்லோரும் பூங்கொத்து அனுப்பினார்கள். புடவையை உலர்சலவை செய்து ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினாள். இன்னும் அந்த உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன், கட்டவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

இடது கண்ணுக்கு என்று சொல்லியிருந்த நாள் வந்தது. முதல் கண் முடித்தவர்களையும் புதிதாக வருவதாகச் சொன்னவர்களையும் ஏற்றிவர வேனை எடுத்துக்கொண்டு காலையிலேயே ஏறினோம். பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். பெரியம்மா வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு, உட்கார் என்று பலகையைத் தள்ளினார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

“வேன் வந்திருக்கு பெரியம்மா.”

“பாத்தேன்.”

“இன்னொரு கண்ணையும் முடிச்சிடலாம். உங்க பொண்ணு வூட்டுக்குப் போகணும்னு சொன்னீங்களே.”

“மவ போன் பண்ணா. அவங்க வூட்டுக்காரங்க பஸ் மாத்துறதே அந்த எடத்துலதான். மொதல்ல சேலைக்கு நின்னா, இப்ப கண்ணுக்கு நிக்கிறாளான்னு கேட்டாங்களாம். இனிமே நான் வரவேணாம்னு அவளே சொல்லிட்டா.” முறத்திலிருந்த ஒரு கல்லை எடுத்து எறிந்தார். “இந்தக் கண்ணு ஒண்ணு போதும். சாமை பொறுக்க இது போதும்.”

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். நான் எடுக்கவில்லை, எனக்குத் தெரியாது, என்னையும்தான் ஏமாற்றிவிட்டார்கள், நானே போய்க் கயிற்றை அறுத்தேன் என்று எல்லாவற்றையும். அவர் முழுவதும் கேட்டார்.

“நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும் பாப்பா. அந்தப் பொண்ணு போன தூக்குனத நான் பாத்தேன். அப்பத்தான கட்டு அவுத்தாங்க, எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. முந்தானைய எடுத்து மூஞ்சிய மூடிக்கலாம்னு கை வந்துடுச்சு. உன் கூட வந்த பொண்ணாச்சேன்னுதான் மூடாம வுட்டேன்.”

அவர் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டார். நான் எழுந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வெயில் ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு டிரைவர் வண்டியை எடுத்தார். பின்னால் எல்லா சீட்டும் காலியாக இருக்க, நான் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கினேன்.